புளிப்பு முந்தும் ஊரில் ரொட்டி

மே மாதத்துச் சாயங்காலம் ஒன்றில் ஒரகடம் சிப்காட் சாலையோரக் கடையில் இட்லி மாவு வாங்கிப் பாருங்கள். காலையில் தட்டையாக வந்திறங்கிய பாக்கெட் உப்பி, ஓரமெல்லாம் விறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டாம் ஷிப்ட்டுக்குக் கிளம்புகிறவர் அதைத் தொட மாட்டார். முதல் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்புகிறவர், ராத்திரியே ஊத்தப்பமாக ஊற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டு வாங்கிப் போவார்.

உள்ளே இருப்பது கரியமில வாயு. அதை உண்டாக்கியது யார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் ஈஸ்ட் என்றுதான் சொல்வோம். 1965-ல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊரிலுள்ள வேளாண் ஆய்வு நிலையத்தில் முகர்ஜி, ஆல்பரி, பெடர்சன், வான் வீன், ஸ்டெய்ன்கிராஸ் ஆகியோர் இட்லி மாவைச் சோதித்து வெளியிட்ட ஆய்வு வேறு பதில் சொல்கிறது. மாவைப் பொங்க வைப்பது லூக்கோநாஸ்டாக் மெசென்டெராய்டஸ் என்ற பாக்டீரியா. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் சேர்த்தே வெளியிடும் வகை அது. புளிப்பும் பொங்கலும் ஒரே கையால் நடக்கின்றன. ஒரு லாக்டிக் பாக்டீரியா தனியாகவே மாவை உப்ப வைப்பது, தங்களுக்குத் தெரிந்தவரை, இதுவே முதல் பதிவு என்று அவர்கள் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில மாவுகளில் ஈஸ்ட்டும் இருப்பதைக் காட்டின. ஆனாலும் முதல் ராத்திரியின் பெரும் வேலை பாக்டீரியாவுடையதுதான்.

அந்த ஐவரில் பெடர்சன், சார்க்ராட் எனப்படும் புளித்த முட்டைக்கோஸ் ஆய்வில் பேர்போனவர். முட்டைக்கோஸைப் புளிக்கவைக்கத் தொடங்குவதும் இதே லூக்கோநாஸ்டாக்தான். கொரியாவின் கிம்ச்சியிலும் முதல் கட்டத்தில் ஆட்சி செய்வது இதுவே. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியபின் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொரிய உணவகங்கள் வந்தன. அந்தச் சாப்பாட்டு மேசையில் வைக்கும் கிம்ச்சிக் கிண்ணத்துக்கும் பக்கத்துத் தெரு விடுதியில் கொப்பரையில் வேகும் இட்லிக்கும் பங்காளி உறவு உண்டு என்பது இரு தரப்புச் சமையல்காரர்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இனி ரொட்டிக்கு வருவோம். சவர்டோ ரொட்டி செய்ய ஒரு ஸ்டார்ட்டர் வேண்டும் என்கிறார்கள். கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து, நாள் தவறாமல் புது மாவு ஊட்டி, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் புளித்த மாவு அது. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. இட்லிக்கு யாரும் பழைய மாவை வருஷக்கணக்கில் காப்பாற்றுவதில்லையே? குளிர் காலத்தில் ஒரு கரண்டி பழைய மாவைக் கலப்பதோடு சரி. அரிசி, உளுந்து ஊறவைத்து அரைத்தால் மறுநாள் தானாகவே பொங்குகிறது. ரொட்டிக்கு மட்டும் ஏன் இந்தப் பராமரிப்பு?

தயிரை நினைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். தயிருக்கு உறை மோர் இல்லாமல் முடியாது. தீர்ந்துபோனால் எதிர்வீட்டில் கேட்டு வாங்குவோம். பாலைக் காய்ச்சுகிறோம், அதில் இருந்த உயிரெல்லாம் போய்விடுகிறது, அதனால் வெளியிலிருந்து ஆள் விடவேண்டியிருக்கிறது. உளுந்தை யாரும் வேகவைத்து அரைப்பதில்லை. ஒவ்வொரு படி உளுந்தும் தன் பாக்டீரியாவைத் தானே கொண்டுவருகிறது. கோதுமை மாவும் வேகாததுதான். அதிலும் எல்லாம் இருக்கிறது. அப்படியானால் அதுவும் மறுநாள் தானாகப் பொங்க வேண்டுமே?

பொங்கும். அங்கேதான் சிக்கல். 50 கிராம் மில் ஆட்டாவில் 50 கிராம் தண்ணீர் கலந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் வைத்து மூடியைத் தளர்வாகப் போடுங்கள். நம் வெயிலுக்கு மறுநாள் காலைக்குள் அது இரண்டு மடங்காக ஏறி நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சந்தோஷம் தாங்காது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் தெரியும்: அழுகின காய்கறி வாடை, கொஞ்சம் வாந்தி வாடைகூட. குடல் வகைப் பாக்டீரியாக்கள் சிலவும், நமக்கு இட்லியில் பழக்கமான லூக்கோநாஸ்டாக் உறவுகளும் சேர்ந்து செய்த வேலை அது. மூன்றாம் நாள் எல்லாம் அடங்கிவிடும். மேலே தண்ணீர் தெளிந்து, மாவு செத்ததுபோல் கிடக்கும். பலர் இந்த இடத்தில் கொட்டிவிடுகிறார்கள். கொட்டக் கூடாது. அவர்கள் விட்ட அமிலமே அவர்களை நிறுத்தியிருக்கிறது. ஒரு கரண்டியை மட்டும் வைத்துக்கொண்டு தினமும் புது மாவும் தண்ணீரும் ஊட்டிவந்தால், அந்த அமிலத்தில் பிழைக்கத் தெரிந்த வேறு லாக்டிக் பாக்டீரியாக்களும், மெதுவாக வளரும் ஈஸ்ட்டும் ஏழிலிருந்து பத்து நாளில் இடத்தைப் பிடிக்கும். வாடை போய், பழமும் மோரும் கலந்த ஒரு மணம் வரும்.

ஆக, ரொட்டிக்காரர் வேண்டாம் என்று தாண்டிப்போகும் அந்த முதல் பொங்கலைத்தான் நம் இட்லி அதன் உச்சத்தில் பிடித்துக் கொப்பரையில் ஏற்றிவிடுகிறது. உளுந்தின் வழவழப்பான பிசினும் புரதமும் அந்த வாயுக் குமிழிகளைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கப் போதும். பத்து நிமிஷ ஆவி மீதியைக் கெட்டிப்படுத்திவிடும். ரொட்டிக்கு அது போதாது. கோதுமையின் குளூட்டன் வலை இழுபடக்கூடியது, ஆனால் முரடு. அரைக் கிலோ பிசைந்த மாவை உள்ளிருந்து தள்ளித் தூக்க மணிக்கணக்கில் சீரான வாயு வேண்டும். அதைத் தருவது ஈஸ்ட். அந்த ஈஸ்ட் கூட்டம் அமைய பத்து நாள் ஆவதால்தான், அமைந்ததைத் தொலைக்காமல் வைத்துக்கொள்கிறார்கள்.

முதிர்ந்த ஸ்டார்ட்டர் ஒரு கிராமில் சுமார் 100 கோடி பாக்டீரியாவும் 1 கோடி ஈஸ்ட்டும் இருக்கும். நூற்றுக்கு ஒன்று. 1971-ல் கலிபோர்னியாவின் ஆல்பனியில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த கிளைனும் சுகிஹாராவும் சான் பிரான்சிஸ்கோ ரொட்டி மாவில் இந்தக் கூட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். பாக்டீரியாவுக்குப் பிடித்தது மாவுச்சத்து உடைந்து வரும் மால்டோஸ். அங்கே இருந்த ஈஸ்ட்டுக்கோ மால்டோஸைத் தொடத் தெரியாது. மற்ற சர்க்கரைகள்தான் வேண்டும். மால்டோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்தது. பாக்டீரியா அதை உடைக்கும்போது ஒரு குளுக்கோஸ் வெளியே கசிகிறது, ஈஸ்ட் அதை எடுத்துக்கொள்கிறது. சாப்பாட்டில் சண்டை இல்லை என்பதால் இருவரும் ஒரே பாத்திரத்தில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்க முடிகிறது. அந்தப் பாக்டீரியாவுக்குச் சான் பிரான்சிஸ்கோ பெயரையே வைத்தார்கள். பிற்பாடு பார்த்தால் ஐரோப்பிய ஸ்டார்ட்டர்களிலும் அது தாராளமாக இருந்தது. ஊர்ப்பெருமை கொஞ்சம் அடிபட்டது.

சாப்பாட்டில் சண்டை இல்லை. சூட்டில் உண்டு. ஜெர்மனியில் கென்ஸ்லே, ஏமான், ஹம்மஸ் மூவரும் 1998-ல் வெளியிட்ட அளவீடுகளின்படி இந்தப் பாக்டீரியா மிக வேகமாக வளர்வது 32, 33 டிகிரி செல்சியஸில். கூடவே இருக்கும் ஈஸ்ட்டுக்கு உகந்தது 27 டிகிரி. 35-ஐத் தாண்டினால் அந்த ஈஸ்ட் ஏறக்குறைய நின்றேபோகும். இந்த மூன்று எண்களையும் வைத்துக்கொண்டு ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் ஒரு வாடகை வீட்டின் சமையலறையைப் பாருங்கள். தளம் பகலெல்லாம் வெயில் வாங்கி இரவெல்லாம் விடுகிறது. மே மாதத்தில் வெளியே 38, 40. உள்ளே அடுப்பு எரிகிறது. பாக்டீரியாவுக்குக் கல்யாணச் சாப்பாடு, ஈஸ்ட்டுக்கு மயக்கம். மாவு ஏறுவதற்கு முன்பே புளித்துவிடுகிறது.

இது எப்படித் தெரியும் என்றால், பாட்டிலில் மாவு மட்டத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிட்டுக் கவனிக்க வேண்டும். 25 டிகிரியில் ஊட்டிய ஸ்டார்ட்டர் ஆறேழு மணி நேரம் சாவகாசமாக ஏறி, மேற்பரப்பு குமிழ்ந்து நின்று, பிறகு நடுவில் குழிந்து இறங்கும். 36 டிகிரியில் மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஏற்றம் குறைவு. மேலே சோப்பு நுரைபோல் பொடிக் குமிழிகள். ஒரு ஸ்பூனால் தூக்கினால், நல்ல மாவில் நாராக இழுபட வேண்டியது, இங்கே கஞ்சிபோல் ஒழுகும். புளிப்பு மிஞ்சியதும் மாவிலேயே இருக்கும் புரதம் அறுக்கும் நொதிகள் வேகமெடுத்துக் குளூட்டனைத் துண்டு துண்டாக்கிவிடுகின்றன. ஊட்டாமல் விட்டதால் இப்படி ஆனது என்று நினைத்து இன்னும் இன்னும் ஊட்டுகிறவர்கள் உண்டு. அது எவ்வளவு உதவும் என்று கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

பழையது ஒரு பங்கு, மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்தால் மூன்றில் ஒன்று பழைய கூட்டம். ஒன்றுக்கு ஐந்து, ஐந்து என்றால் பதினொன்றில் ஒன்று. முதலாவதைவிட இரண்டாவதில் கூட்டம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஆனால் இவை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிற ஜீவன்கள். நாலில் ஒன்றிலிருந்து பழைய அளவுக்கு வர இரண்டே இரட்டிப்பு போதும். உகந்த சூட்டில் ஒரு இரட்டிப்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஐந்து மடங்கு மாவைச் செலவழித்து நீங்கள் வாங்கியது இரண்டு மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட்டும் இரண்டு பக்கம் கம்பெனி பஸ் பயணமும் உள்ளவருக்கு இது எந்த மூலைக்கு?

சூட்டைக் குறைப்பதுதான் வழி, அதற்கும் நாலைந்து உபாயங்கள் உண்டு. ஐஸ் தண்ணீரில் கரைப்பது முதல். அடுத்தது, தண்ணீரைக் குறைத்து ஸ்டார்ட்டரைச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து வைப்பது. கெட்டி மாவில் எல்லாமே மெதுவாக நடக்கும். மண் தொட்டியில் தண்ணீர் விட்டு, பாட்டிலை ஈரத்துணி சுற்றி அதில் நிறுத்தினால், காற்று வறண்டிருக்கும் நண்பகலில் சில டிகிரி இறங்கும். சாயங்காலம் கடற்காற்று ஈரத்தோடு வந்துவிட்டால் அந்த வித்தை பலிக்காது. ஃப்ரிட்ஜ் இருந்தால் கவலையே இல்லை. 4 டிகிரியில் இரு தரப்பும் உறங்கிவிடும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து ஊட்டினால் போதும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உப்பு. அதே 1998 ஆய்வில், 4 சதவீத உப்பில் பாக்டீரியாவின் வளர்ச்சி நின்றுவிட்டது. ஈஸ்ட் 8 சதவீதம் வரை தாங்கியது. அவ்வளவு போட வேண்டியதில்லை. கோடையில் ஸ்டார்ட்டர் ஊட்டும்போது மாவு எடையில் 1, 2 சதவீதம், அதாவது 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம், உப்புச் சேர்த்தால் புளிப்பின் வேகம் தணிந்து ஈஸ்ட்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். என்னைக் கேட்டால் ஃப்ரிட்ஜுக்கு அடுத்த சிறந்த உபாயம் இதுதான், செலவும் இல்லை.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பியக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கே ஏன் தடுமாறுகிறது என்பதற்குச் சூடு மட்டும் காரணமில்லை. நம் மில்லில் கல்லுக்கு இடையே நசுங்கி, கை பொறுக்காத சூட்டோடு வரும் ஆட்டாவில் மாவுச்சத்துத் துகள்கள் நிறையவே உடைந்திருக்கும். சப்பாத்தி மிருதுவாக வருவதற்கு அந்த உடைசல்தான் காரணம். தண்ணீரை நிறைய இழுக்கும். அதுவே நொதிகளுக்குத் திறந்த கதவு. மால்டோஸ் வேகமாக உருவாகும், புளிப்பும் வேகமாக ஏறும். ஸ்டார்ட்டரை ஆட்டாவில் வளர்த்து, ரொட்டிக்குப் பாதிக்குமேல் மைதா சேர்ப்பது ஒரு சமரசம். சம்பா கோதுமை வாசனையில் உயர்ந்தது. குளூட்டன் பலம் குறைவு என்பதால் அதை மட்டும் வைத்து உயரமான ரொட்டி எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்டார்ட்டர் ஊர்க்காற்றைப் பிடித்து வளர்கிறது, அதனால் ஊருக்கு ஒரு ருசி என்று ரொட்டிப் பிரியர்கள் சொல்வதுண்டு. 2021-ல் ஈலைஃப் இதழில் வந்த ஆய்வில் நான்கு கண்டங்களிலிருந்து 500 வீட்டு ஸ்டார்ட்டர்களைச் சோதித்தார்கள். எந்த ஊர் என்பதற்கும் உள்ளே எந்தக் கிருமி என்பதற்கும் பெரிதாக ஒட்டுறவு தென்படவில்லை. காற்றைவிட மாவும், வளர்ப்பவர் கைப்பழக்கமும் முக்கியம் என்று தோன்றுகிறது. கை என்பதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம்: 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில், பல நாட்டு ரொட்டிக்காரர்களைப் பெல்ஜியத்துக்கு வரவழைத்துக் கைகளைத் துடைத்துப் பார்த்தபோது, சாதாரண மனிதர் கையில் அதிகம் காணாத லாக்டிக் பாக்டீரியாக்கள் தோலில் நிறைந்திருந்தன. மாவு பிசையப் பிசைய மாவு கையிலும் குடியேறிவிடுகிறது.

ரொட்டியை வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுசு என்று ஒதுக்குகிறவர்களுக்கு வடக்குப்பட்டு மண்ணிலேயே ஒரு சேதி இருக்கிறது. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கற்காலக் கருவிகளோடு ரோமானிய ஆம்போராச் சாடிகளின் ஓடுகளும் வெளிவந்தன. மதுவும் எண்ணெயும் நிரப்பிக் கப்பலேற்றிய சாடிகள் அவை. அந்தச் சாடிகள் நம் கரைக்கு வந்துகொண்டிருந்த முதல் நூற்றாண்டில்தான் ரோமானிய எழுத்தாளர் பிளினி ரொட்டி புளிக்கவைக்கும் முறைகளை எழுதிவைத்தார். சிறுதானிய மாவைப் புதுத் திராட்சைச் சாற்றில் பிசைந்து வைத்தால் ஒரு வருஷம் வரை உறையாகப் பயன்படும் என்கிறார். முந்தின நாள் மாவில் கொஞ்சம் எடுத்துவைப்பதே அவர் காலத்துச் சாதாரண வழக்கம் என்றும் சொல்கிறார். சாடியில் வந்தது மதுவும் எண்ணெயும்தான், ரொட்டி வரவில்லை. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தில் கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்கவைத்து, நொய் போட்டுக் காய்ச்சும் கூழ் இருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாக ஊற்றப்படுவதும் புளித்த சிறுதானியம்தான். ஸ்டார்ட்டர் தொடங்க ஆட்டாவோடு ஒரு கைப்பிடி கேழ்வரகு மாவு கலந்தால் சுறுசுறுப்பாகக் கிளம்பும். தவிட்டோடு அரைத்த எந்தத் தானியத்திலும் கிருமிச் செல்வம் அதிகம்.

ஊட்டும்போதெல்லாம் எடுத்துப்போடச் சொல்லும் மிச்ச மாவைப் பார்த்து மேனாட்டுச் சமையல்காரர்கள் கவலைப்படுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை வேண்டாம். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிப்பு ஏறினால் ஊத்தப்பம், இன்னும் ஏறினால் குழிப்பணியாரம் என்று புளிப்பின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பலகாரம் வைத்திருக்கும் சமையலறை இது. மிச்ச ஸ்டார்ட்டரில் அரிசி மாவு, சீரகம், பச்சை மிளகாய், தேவைக்குத் தண்ணீர் சேர்த்துக் கரைத்த கோதுமை தோசையாக ஊற்றினால் மொறுமொறுவென்று வரும். கரைத்ததும் ஊறவைக்கத் தேவையில்லை, புளிப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பாட்டிலில் இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறக் கோடுகளோ பூஞ்சை ரோமமோ தெரிந்தால் தோசைக்கும் ஆகாது. மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

சுடுவதற்கு வீட்டு ஓடிஜி போதும். 230 டிகிரிக்குச் சூடேறிய பிறகு, மூடியுள்ள கனமான இரும்புச் சட்டிக்குள் மாவை வைத்து முதல் இருபது நிமிஷம் மூடியே வைக்க வேண்டும். மாவிலிருந்து கிளம்பும் ஆவி உள்ளேயே நின்று மேல்தோலை ஈரமாக வைத்திருக்கும், ரொட்டி கடைசியாக ஒருமுறை விரிய அது இடம் கொடுக்கும். பிறகு மூடியை எடுத்தால் தோல் காய்ந்து சிவக்கும். அறுக்க அவசரப்படக் கூடாது. உள்ளே வெந்த மாவுச்சத்து ஆறிக் கெட்டிப்பட ஒரு மணி நேரமாவது ஆகும்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பத்து நாள் ஊருக்குப் போகிறவர்கள், கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுமோ என்று அஞ்சினால் ஸ்டார்ட்டரைக் காயவைத்து எடுத்துவைக்கலாம். நன்றாக ஏறி உச்சத்தில் நிற்கும்போது, பட்டர் பேப்பரில் அப்பளம் கனத்துக்குத் தடவி, வெயிலில் அல்ல, மின்விசிறிக் காற்றில் நிழலில் வைக்க வேண்டும். நேர் வெயிலில் ஈஸ்ட் செத்துவிடும். ஒன்றரை நாளில் ஒடியும் பதம் வந்ததும் நொறுக்கி, ஈரமில்லாத டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். திரும்பி வந்ததும் ஒரு ஸ்பூன் நொறுக்கலை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்து, கரைந்ததும் அதே அளவு ஆட்டா கலக்க வேண்டும். முதல் இரண்டு ஊட்டுக்கு மந்தமாகத்தான் இருக்கும். மூன்றாவது ஊட்டில் ரப்பர் பேண்டைத் தாண்டிவிட்டால் அன்று ராத்திரியே ரொட்டிக்குப் பிசையலாம்.